காஸ் சிலிண்டர்: விலை தெரியும், நிறை தெரியுமா?

வியாபாரிகளான நாம் ஒவ்வொரு வருடமும் நமது தராசுகளைக் கொண்டுபோய் முத்திரை குத்திக்கொண்டு வருகிறோம். அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் உத்தியோகத்தர் கடைக்கு வந்தால் முத்திரையைத்தான் முதலில் பார்ப்பார். சீனி, பருப்பு, மாவு என்று எதை விற்றாலும் வாடிக்கையாளரின் கண் முன்னாலேயே நிறுத்துக் கொடுக்கிறோம். ஆனால் அதே கடையின் வாசலில் இரும்புக் கூட்டுக்குள் அடுக்கி வைத்திருக்கும் காஸ் சிலிண்டரை மட்டும் யாரும் நிறுப்பதில்லை. விற்பவர் தூக்கிக் கொடுக்கிறார், வாங்குபவர் தூக்கிக்கொண்டு போகிறார். மூவாயிரம், நாலாயிரம் ரூபாச் சரக்கு நிறுக்கப்படாமலேயே கைமாறுகிறது.

இதை எனக்கு உணர்த்தியவர் எமது ஊரில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு சகோதரி. 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒருநாள் வெற்றுச் சிலிண்டருடன் வந்து, "நானா, 19 நாள் வாற சிலிண்டர் இந்த முறை 16 நாளிலேயே முடிஞ்சிட்டு" என்றார். நானும் பழக்க தோஷத்தில், "அடுப்பைக் கூட்டி எரிச்சிருப்பீங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. "சீனியை நிறுத்துத் தாறீங்க, இதை நிறுத்துத் தந்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அன்றிலிருந்து இந்த விடயத்தைக் கொஞ்சம் துருவிப் பார்த்தேன். சமையல் காஸை எப்படி அளக்கிறார்கள், அதன் விலை எப்படி உருவாகிறது, நாம் கொடுக்கும் காசுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதை வீட்டுக்கு வாங்குபவரும் ஹோட்டல் நடத்துபவரும் சிலிண்டர் விற்பவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

குழாயில் வருவதும் சிலிண்டரில் வருவதும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இயற்கை எரிவாயு என்பது வேறு, நமது சமையலறைக்கு வருவது வேறு. இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீதேன். அதைச் சாதாரண சிலிண்டரில் திரவமாக்கி வைக்க முடியாது. திரவமாக்க வேண்டுமானால் பூச்சியத்துக்குக் கீழே 162 பாகை செல்சியஸ் வரை குளிரூட்ட வேண்டும். கட்டார் நாடு அப்படித்தான் கப்பலில் ஏற்றி உலகத்துக்கு விற்கிறது. பல நாடுகளில் அது நிலத்தடிக் குழாய் வழியாக வீட்டுக்கு வந்து, தண்ணீர் மீற்றரைப் போன்ற ஒரு மீற்றரில் அளக்கப்படுகிறது. எமது மன்னார் கடற்படுகையிலும் 2011இல் இயற்கை எரிவாயு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. ஆனாலும் அந்த எரிவாயு எமது அடுப்புக்கு வந்து சேரவில்லை.

நாம் எரிப்பது புரோபேன், பியூட்டேன் ஆகிய இரண்டும் கலந்த திரவப் பெற்றோலிய வாயு. அழுத்தம் கொடுத்தால் இது சாதாரண வெப்பநிலையிலேயே திரவமாகிவிடும். அதனால்தான் இரும்புச் சிலிண்டரில் அடைத்து விற்க முடிகிறது. நாட்டுக்குத் தேவையானதில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. லிட்ரோ, லாஃப்ஸ் என்ற இரண்டு கம்பனிகள்தான் சந்தையில் பிரதானமானவை. லிட்ரோ முன்னர் ஷெல் கம்பனியின் கையில் இருந்தது. 2010இல் அரசாங்கம் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

இரண்டே பெரிய கம்பனிகள் உள்ள சந்தையில் வாடிக்கையாளர் பேரம் பேசி விலையைக் குறைக்க முடியாது. விலை நமது கையில் இல்லை. நமது கையில் இருப்பது, கொடுத்த விலைக்குரிய சரக்கு வந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குவது ஒன்றுதான்.

லீட்டர் மாறும், கிலோ மாறாது

லண்டனில் பிள்ளைகள் இருப்பவர்கள் அங்குள்ள காஸ் பில்லைக் கேட்டுப் பாருங்கள். மீற்றர் அளப்பது கன மீட்டரில். ஆனால் பில்லில் பணம் அறவிடப்படுவது நமது மின்சாரப் பட்டியலில் வருவதைப் போன்ற யூனிட் கணக்கில், அதாவது கிலோவாற் மணியில். ஒரு கன மீட்டர் காஸை ஏறத்தாழ 11 யூனிட் என்று மாற்றிக் கணக்கிடுகிறார்கள். அங்கே சில பழைய மீற்றர்கள் நூறு கன அடி கணக்கில் ஓடுகின்றன. அதைக் கன மீட்டர் என்றோ, கன மீட்டரைக் கன அடி என்றோ தவறாகப் பதிந்துவிட்டால் பில் ஏறத்தாழ மூன்று மடங்கு கூடும் அல்லது மூன்றில் ஒன்றாகக் குறையும். ஆகவே மீற்றரில் எழுதியிருக்கும் அலகு பில்லிலும் இருக்கிறதா என்று பார்ப்பது அங்குள்ள வாடிக்கையாளரின் முதல் வேலை.

ஏன் இந்த மாற்றுக் கணக்கு? வாயு சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும், அழுத்தினால் ஒடுங்கும். கலவை மாறினால் அதன் வெப்பமும் மாறும். எனவே இத்தனை கன மீட்டர் என்று மட்டும் சொன்னால் அது நியாயமான கணக்கு ஆகாது. வாடிக்கையாளர் உண்மையில் வாங்குவது வெப்பத்தை. அந்த வெப்பத்துக்குத்தான் காசு.

சிலிண்டர் காஸுக்கும் இதே நியாயம் பொருந்தும். பியூட்டேன் திரவம் லீட்டருக்கு ஏறத்தாழ 580 கிராம் நிறை உடையது. புரோபேன் திரவம் லீட்டருக்கு ஏறத்தாழ 500 கிராம்தான். புரோபேன் கூடிய கலவையை லீட்டர் கணக்கில் வாங்கினால் நிறையும் குறையும், வெப்பமும் குறையும். ஆனால் கிலோ கணக்கில் பார்த்தால் இரண்டும் தரும் வெப்பம் கிட்டத்தட்ட சமம். ஆகவே சிலிண்டர் காஸுக்கு நேர்மையான அளவு கிலோதான். சூட்டிலும் குளிரிலும் அது மாறாது, கலவை மாறினாலும் பெரிதாக ஏமாற்றாது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2021இல் நம் நாட்டிலேயே நடந்தது. 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபாவுக்கு விற்பனையான காலத்தில், லிட்ரோ கம்பனி 18 லீட்டர் என்ற பெயரில் ஒரு புதிய சிலிண்டரைச் சந்தைக்கு விட்டது. வெளித்தோற்றத்தில் பழையதைப் போலவே இருந்த அதன் விலை சுமார் 1,400 ரூபா. நூறு ரூபா அளவில் இலாபம் என்றுதான் பலர் நினைத்தார்கள். ஆனால் அதற்குள் இருந்த காஸ் 9.18 கிலோ மட்டுமே. பழைய சிலிண்டரில் ஒரு கிலோ 119 ரூபா 44 சதம். புதியதில் ஒரு கிலோ ஏறத்தாழ 152 ரூபா. நூறு ரூபா குறைவாகக் கொடுத்தவருக்கு 3.32 கிலோ காஸ் குறைந்தது. நுகர்வோர் தரப்பிலிருந்து எதிர்ப்புக் கிளம்பி, நுகர்வோர் விவகார அதிகார சபையும் தலையிட்ட பிறகே அந்த விவகாரம் வெளிச்சத்துக்கு வந்தது.

அந்த ஆண்டின் இறுதியில் நாட்டின் பல பாகங்களிலும் காஸ் தொடர்பான வெடிப்புகளும் தீ விபத்துகளும் நடந்ததை நாம் மறக்கவில்லை. அதை ஆராய மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் ஜனாதிபதியால் நியமிக்கப்பட்ட குழு, கலவை விகிதத்தில் ஏற்பட்ட மாற்றத்தையே பிரதான காரணமாகக் காட்டியது. சாதாரண வெப்பநிலையில் புரோபேனின் அழுத்தம் பியூட்டேனின் அழுத்தத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல். ஒரு கலவைக்குப் பழகிய ரெகுலேட்டர், ஹோஸ், வால்வு ஆகியவற்றின் மீது திடீரென்று அழுத்தம் கூடினால் என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஆக, சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளும் காசோடு மட்டும் நிற்பவை அல்ல.

விலை எங்கிருந்து வருகிறது?

காஸ் விலை கூடினால் கடைக்காரரைத் திட்டுவது வழக்கம். உண்மையில் விலையின் வேர் சவூதி அரேபியாவில் இருக்கிறது. சவூதி அரம்கோ கம்பனி ஒவ்வொரு மாதமும் புரோபேனுக்கும் பியூட்டேனுக்கும் ஒரு மெற்றிக் தொன்னுக்கு இத்தனை டொலர் என்று ஒப்பந்த விலையை அறிவிக்கும். ஆசியாவில் பெரும்பாலான கொள்வனவுகள் அதையே அடிப்படையாகக் கொள்கின்றன. அதன் மேல் கப்பற் கூலியும் விநியோகஸ்தரின் மேலதிகக் கட்டணமும் சேரும். பிறகு டொலரை ரூபாவாக்க வேண்டும். இறக்கும் செலவு, களஞ்சியச் செலவு, சிலிண்டரில் நிரப்பும் செலவு, லொறிக் கூலி, ஏஜென்ட்டின் கமிஷன், வரி என்று ஒவ்வொன்றாக ஏறி நமது கடைக்கு வரும். கொழும்பிலிருந்து தூரம் கூடக் கூட லொறிக் கூலியும் கூடுவதால்தான் மாவட்டத்துக்கு மாவட்டம் விலை வேறுபடுகிறது.

கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம் போடுவோம். ஒரு தொன் 600 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டொலர் 200 ரூபாவாக இருந்தால் ஒரு கிலோவின் அடக்கம் 120 ரூபா. 12.5 கிலோவுக்கு 1,500 ரூபா. சவூதியில் ஒரு சதமும் கூடாமல் டொலர் மட்டும் 300 ரூபாவானால் அதே 12.5 கிலோ 2,250 ரூபா. கப்பற் கூலியும் வரியும் இதற்கு மேல்தான்.

இப்போது கொழும்பில் 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டரின் விலை நடந்து வந்த பாதையைப் பாருங்கள். 2021 ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் 1,493 ரூபாவிலிருந்து 2,750 ரூபாவாகப் பாய்ந்து, பின்னர் 2,675 ரூபாவானது. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி சரியத் தொடங்கியது. அதுவரை 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர் சில வாரங்களில் 300 ரூபாவைத் தாண்டியது. உலகச் சந்தையிலும் காஸ் விலை உச்சத்தில் இருந்த நேரம் அது. ஏப்ரல் மாதக் கடைசியில் விலை 4,860 ரூபாவாகியது. அந்த விலைக்கும் சிலிண்டர் கிடைக்காமல் விடிய விடிய வரிசையில் நின்றோம். பிறகு விலை படிப்படியாக இறங்கி வந்தது. 2024 ஜனவரியில் சமையல் காஸுக்கும் 18 வீத வற் வரி விழுந்ததால் 3,565 ரூபாவிலிருந்து 4,250 ரூபாவாகக் கூடியது. அதே ஆண்டு ஜூலையில் 3,690 ரூபாவுக்கு இறங்கியது.

இந்தப் பாதையிலிருந்து வியாபாரி படிக்க வேண்டியது ஒன்று உண்டு. நமது காஸ் விலையை மூன்று கயிறுகள் இழுக்கின்றன. ஒன்று சவூதி ஒப்பந்த விலை, இரண்டு டொலர், மூன்று வரி. சோற்றுப் பார்சலுக்கு விலை போடும் ஹோட்டல்காரரும், பாணுக்கு விலை போடும் பேக்கரிக்காரரும் மாத ஆரம்பத்தில் இந்த மூன்றையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் அடுத்த மாற்றம் எந்தப் பக்கம் என்று ஓரளவு ஊகிக்கலாம். வட நாடுகளில் குளிர்காலம் வரும்போது கேள்வி கூடி விலை ஏறுவது பொதுவான வழக்கம். இதைச் சொல்வது பதுக்கி வைப்பதற்காக அல்ல. பதுக்கல் சட்டப்படியும் குற்றம், மார்க்கப்படியும் தடுக்கப்பட்டது. நமது சொந்தச் செலவைத் திட்டமிட்டுக்கொள்வதற்காகவே சொல்கிறேன்.

எந்தச் சிலிண்டர் இலாபம்?

விலையை எப்போதும் கிலோவால் வகுத்துப் பாருங்கள். 2024 ஜூலையில் கொழும்பு விலைப்படி 12.5 கிலோ 3,690 ரூபா, 5 கிலோ 1,482 ரூபா, 2.3 கிலோ 694 ரூபா. வகுத்தால் ஒரு கிலோ முறையே 295 ரூபா 20 சதம், 296 ரூபா 40 சதம், ஏறத்தாழ 302 ரூபா. ஆக, கையில் காசு இல்லாமல் சிறிய சிலிண்டர் வாங்கும் ஏழைக்கு அந்த விலைகளில் பெரிய நட்டம் இருக்கவில்லை. 2021இல் 18 லீட்டர் சிலிண்டர் வாங்கியவருக்கு நேர்ந்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். விலை மாறும் ஒவ்வொரு முறையும் இந்த வகுத்தலை ஒரு தடவை செய்துகொண்டால் எந்த அளவில் வந்தாலும் ஏமாற மாட்டோம்.

மின்சார அடுப்புக்கு மாறலாமா என்று பலர் கேட்கிறார்கள். இதற்கும் ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஏறத்தாழ 12.8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வெளிவரும். அதில் சாதாரண அடுப்பில் பாதிக்குச் சற்று மேல்தான் சட்டிக்குப் போகும். மீதி சமையலறையைச் சூடாக்கும். இன்டக்‌ஷன் அடுப்பில் இந்த வீண்விரயம் குறைவு. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் ஒரு கிலோ காஸ் செய்யும் சமையலை ஏறத்தாழ 8 யூனிட் மின்சாரம் செய்துவிடும். உங்கள் கடைசி மின்பட்டியலில் கடைசி யூனிட்டுக்கு விழுந்த விலையை எட்டால் பெருக்குங்கள். வரும் தொகை ஒரு கிலோ காஸின் விலையைவிடக் குறைவானால் மின்சாரம் இலாபம், கூடுதலானால் காஸ் இலாபம். யூனிட் கூடக் கூட விலையும் ஏறும் கட்டண முறை என்பதால் கடைசி யூனிட்டின் விலையையே பார்க்க வேண்டும், சராசரியை அல்ல.

நிறுத்துப் பார்ப்பது எப்படி?

ஒவ்வொரு சிலிண்டரின் மேற்புற வளையத்திலும் அதன் வெற்று நிறை குறிக்கப்பட்டிருக்கும். அது சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறும். அதனால் ஒரு சிலிண்டரின் வெற்று நிறையை வைத்து இன்னொன்றைக் கணக்கிடக் கூடாது. வெற்று நிறையுடன் காஸின் நிறையைக் கூட்டினால் வர வேண்டிய மொத்த நிறை கிடைக்கும். உதாரணமாக வெற்று நிறை 13.2 கிலோ என்றிருந்தால் தராசில் 25.7 கிலோ காட்ட வேண்டும். மூடை நிறுக்கும் தராசு இருந்தால் போதும். அரை நிமிட வேலை.

நூறு கிராம் அளவில் கூடக் குறைய இருந்தால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். சிலிண்டருக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்திருக்கலாம், துருப் பிடித்திருக்கலாம், தராசிலும் சிறு பிசகு இருக்கலாம். அரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால் அது கேட்க வேண்டிய விடயம். சீல் உடையாமல் இருக்கிறதா, வால்வில் சவர்க்கார நுரை தடவினால் குமிழி வருகிறதா என்று பாருங்கள். சீல் அப்படியே இருந்தும் வால்வின் கசிவினால் களஞ்சியத்திலேயே காஸ் குறைந்துவிடலாம். அப்படிப்பட்ட சிலிண்டரை வீட்டுக்குக் கொண்டுபோவதே ஆபத்து. இந்த வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கி நிற்கும்.

சகோதரியின் கேள்விக்குப் பிறகு நான் செய்த முதல் வேலை, கடையில் இருந்த 23 சிலிண்டர்களையும் நிறுத்தது. 20 சிலிண்டர்கள் சரியாக இருந்தன. இரண்டில் நூறு, நூற்றைம்பது கிராம் குறைந்திருந்தது. ஒன்றில் மட்டும் 1.6 கிலோ குறைவு. ஏஜென்ட்டிடம் கொண்டுபோனபோது, "இதெல்லாம் யார் நிறுத்துப் பார்க்கிறார்கள்" என்று முதலில் மறுத்தார்கள். அங்கேயே தராசில் வைத்துக் காட்டிய பிறகு மாற்றிக் கொடுத்தார்கள். இருபத்து மூன்றில் ஒன்றுதானே என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் அந்த ஒன்றை வாங்கிப் போகும் குடும்பத்துக்கு அது ஒன்றல்ல, முழுவதும்.

ஹோட்டல்காரர்களுக்கு ஒரு விடயம்

பெரிய அடுப்பு எரிப்பவர்கள் வேறொரு விதத்தில் நட்டப்படுகிறார்கள். சிலிண்டருக்குள் இருக்கும் திரவம் வாயுவாக மாற வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைச் சிலிண்டரின் இரும்புச் சுவரிலிருந்துதான் அது எடுக்கும். ஒரே சிலிண்டரில் பெரிய அடுப்புகள் இரண்டு மூன்றைப் பூட்டி நீண்ட நேரம் எரித்தால் சிலிண்டர் குளிர்ந்து வெளியே வியர்க்கும், சில வேளை பனியும் படியும். அழுத்தம் இறங்கிச் சுவாலை சிறுக்கும். காஸ் முடிந்துவிட்டது என்று நினைத்து வேலையாள் சிலிண்டரைக் கழற்றி வைத்துவிடுவார். உள்ளே ஒரு கிலோவோ இரண்டு கிலோவோ மிச்சம் இருக்கும். அது அப்படியே ஏஜென்ட்டிடம் திரும்பிப் போகும். அதற்காக யாரும் உங்களுக்குக் காசு தரப் போவதில்லை.

பியூட்டேன் கூடிய கலவையிலும், நுவரெலியா, பண்டாரவளை போன்ற குளிர் ஊர்களில் காலை வேளையிலும் இது இன்னும் கூடுதலாக நடக்கும். பியூட்டேன் கொதிப்பதே பூச்சியப் பாகையை ஒட்டி. புரோபேன் கொதிப்பது பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையில். இதற்குப் பரிகாரம் இரண்டு சிலிண்டர்களை முறையான இணைப்பில் ஒன்றாகப் பூட்டுவது. பாரம் பாதியாகப் பிரிந்தால் குளிர்வதும் குறையும். வெற்று என்று ஒதுக்கிய சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். வெற்று நிறைக்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் உங்கள் காசு. சிலிண்டரை நெருப்பில் காட்டிச் சூடாக்குவது, படுக்க வைத்து உருட்டுவது போன்ற வேலைகளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே குழாயில் வந்துவிடும்.

விற்பவர் செய்ய வேண்டியவை

காஸ் விற்கும் சகோதரர்களுக்கு மூன்று விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, முத்திரை குத்திய தராசு ஒன்றைச் சிலிண்டர் கூட்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் நிறுத்துக் காட்டுங்கள். இரண்டாவது, அறிவிக்கப்பட்ட விலையை எழுதித் தொங்கவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குக் கூலி எடுப்பதானால் அதைத் தனியாகச் சொல்லி எடுங்கள், சிலிண்டர் விலையோடு சேர்த்து மறைக்காதீர்கள். மூன்றாவது, பில் கொடுங்கள். முதன்முறையாகச் சிலிண்டர் எடுப்பவரிடம் வைப்புப் பணம் வாங்கினால் அதற்குத் தனியாகப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். அந்தச் சீட்டு இல்லாமல் எத்தனையோ பேர் தமது பணத்தைக் கேட்க வழியில்லாமல் இருக்கிறார்கள்.

வாங்குபவரும் சும்மா இருக்கலாகாது. நிறை குறைந்தால் முதலில் கடைக்காரரிடம் சொல்லுங்கள், பிறகு கம்பனியிடம் சொல்லுங்கள். இருவரும் கேட்காவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் விவகார அதிகார சபை இருக்கிறது. ஆனால் முறைப்பாடு நிற்க வேண்டுமானால் பில் வேண்டும், நிறுத்த கணக்கு வேண்டும். பாவித்து முடித்த பிறகு குறைந்தது என்று சொன்னால் யாராலும் அதை நிரூபிக்க முடியாது.

அந்தச் சகோதரியின் விடயத்தில் எனக்கு நடந்ததும் இதுதான். 19 நாள் கணக்குப்படி அவர் நாளொன்றுக்கு எரிப்பது ஏறத்தாழ 660 கிராம். மூன்று நாள் குறைந்தால் ஏறத்தாழ 2 கிலோ. அன்றைய விலையில் 590 ரூபா. அவரது வீட்டுக்குப் போய் ஹோஸையும் ரெகுலேட்டரையும் சவர்க்கார நுரையால் பார்த்தோம். கசிவு எதுவும் தெரியவில்லை. நான் கொடுத்த சிலிண்டர் குறைவாக இருந்ததா, அல்லது அவர் அந்தக் கிழமை கூடுதலாக அவித்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கொடுத்த அன்று நான் நிறுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

அளவையிலும் நிறுவையிலும் குறை வைப்பவர்களைப் பற்றிய எச்சரிக்கையுடனேயே அல்குர்ஆனில் அல்முதஃப்பிஃபீன் என்ற ஓர் அத்தியாயம் ஆரம்பமாகிறது. ஷுஐப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்கள் தமது சமூகத்துக்கு எடுத்துச் சொன்னதும் தராசைப் பற்றித்தான். நான் வேண்டுமென்று குறைத்துக் கொடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் நிறுக்காமல் கொடுத்துவிட்டு அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்ற கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

590 ரூபாவை அவரிடம் கொடுத்தேன். வாங்க மறுத்தார். அடுத்த சிலிண்டரின் விலையில் கழித்துவிட்டேன். அன்று அவருக்குக் கொடுத்த சிலிண்டரைத் தராசில் வைத்து, மேல் வளையத்தில் இருந்த இலக்கத்தை அவரையே வாசிக்கச் சொல்லி, கணக்கைப் பில்லின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். இப்போது கடையில் எல்லோருக்கும் அப்படித்தான். ஒரு சிலிண்டருக்கு அரை நிமிடம் கூடுதலாகப் போகிறது. அந்த அரை நிமிடத்தை உங்கள் கடையிலும் இன்றே செலவழித்துப் பாருங்கள்.